வெளியே போகாத நாட்கள்

நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை காலையில் இலவச ஆலோசனை தருகிறார்கள் என்று கண்டுபிடித்தவள் கலெக்டர்தான். திரைச்சீலை தைக்கும் பட்டறையில் இஸ்திரி போடுகிறவள் அவள். யார் எங்கே உட்கார வேண்டும், ஜன்னலை எவ்வளவு திறக்க வேண்டும், தேநீர்க் கோப்பையைக் கழுவாமல் போட்டது யார் என்று நாள் முழுக்க அதிகாரம் செய்துகொண்டிருப்பதால் அந்தப் பெயர். அவளுக்குக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டது. ஆனால் படிவத்தைக் கண்டதும் கலெக்டருக்கே உதறல் எடுத்தது.

"நீயும் கூட வா சின்னவளே. பேப்பரைப் பார்த்தாலே எனக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது" என்றாள்.

பட்டறையில் எல்லோருக்கும் அவள் சின்னவள்தான். முதலாளியம்மாவின் தங்கை. அத்தானும் அக்காவும் நடத்தும் பட்டறைக்கு ஐந்து வருடத்துக்கு முன்னால் வேலை அனுமதியில் வந்து சேர்ந்தவள். அந்த அனுமதிச் சீட்டில் பட்டறையின் பெயரும் அச்சாகியிருந்தது; வேறு எங்கேயும் அவள் வேலை பார்க்க முடியாது. பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்கு வரவில்லை. அக்கா வீட்டின் பின்னறையில் படுக்கை, அக்கா கையால் சாப்பாடு, காலையில் அத்தானின் வேனிலேயே வேலைக்கு. அவள் எடுக்கும் மடிப்பு அளவுகோல் வைத்துப் பார்த்தாலும் நூல் பிசகாது. அடிமடிப்பில் ஈயக்குண்டு வைத்துத் தைத்து அவள் தொங்கவிட்ட சீலை, காற்றடித்தாலும் அடக்கமாகத் திரும்பி வந்து நிற்கும். "என் கொழுந்தியா தைச்சதுங்க" என்று அத்தான் வாடிக்கையாளர்களிடம் பெருமையடித்துக்கொள்வார்.

வந்த மறு வருடமே அவளுடைய நிரந்தர வதிவிட அனுமதிக்கு அத்தான் விண்ணப்பம் போட்டார். பி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் அதற்காக அவள் காத்திருக்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகப் போகிறது. தபால் முகவரி பட்டறை, தொலைபேசி எண் அத்தானுடையது, மின்னஞ்சலும் அவருடையது. மாதம் தவறாமல் அவள் கேட்பாள்.

"அத்தான், ஏதாவது வந்துச்சா?"

"வந்தா உனக்குச் சொல்லாம ஊருக்கா சொல்லப் போறேன்?" என்று அவர் சிரிப்பார். அவளும் சிரித்துவிட்டு மெஷினுக்குத் திரும்புவாள்.

அம்மா படுக்கையில் விழுந்தபோதுதான் ஒரே ஒரு தடவை, சிரிக்காமல் கேட்டாள். ஒன்பது மாதத்துக்கு முன்பு. "ரெண்டே வாரம் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன் அத்தான்."

"அப்ளிகேஷன் நிலுவையில இருக்கறப்போ நாட்டை விட்டுப் போனா, வேண்டாம்னு விட்டுட்டுப் போனதா எழுதிடுவாங்க. திரும்பி வர்றப்போ வாசல்லயே நிறுத்திடுவாங்க. இத்தனை வருஷக் காத்திருப்பு மண்ணாப் போயிடும். உன் இஷ்டம்" என்றார் அத்தான். அக்கா பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா மட்டும் போனாள். அக்கா போய்ச் சேர்ந்த ஆறாம் நாள் அம்மா இறந்தாள். உயிர் போன பிறகு அக்கா கைபேசியைப் பிடித்துக் காட்ட, பட்டறையின் துணி அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து சின்னவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். படம் ஆடிக்கொண்டே இருந்தது. அழுகையில் அக்காவின் கை நடுங்குகிறது என்று நினைத்து, அந்த நிலையிலும், "அக்கா, நீ உட்கார்ந்துக்கோ" என்றாள். அந்த வாரம் ஒரு புதிய ஹோட்டலின் இருநூறு அறைகளுக்குச் சீலை போக வேண்டியிருந்தது. கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தைத்து முடித்தாள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது.

ஆலோசகர் ஒடிசலான பெண். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கலெக்டரிடம் பொறுமையாக விளக்கினார். நிரந்தர அனுமதி கிடைத்த தேதியிலிருந்து நான்கு வருடம் இந்த நாட்டில் வசித்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடத்திலும் தொண்ணூறு நாளுக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. போன தேதி, வந்த தேதி இரண்டையும் எழுத வேண்டும்.

"தங்கச்சி கல்யாணத்துக்குப் போன நாப்பது நாளுக்குமா? எங்கே போனே, எப்போ வந்தேன்னு என் வீட்டுக்காரர்கூட இப்படிக் குடைஞ்சதில்லை" என்று கலெக்டர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள்.

எழுந்திருக்கும்போது ஆலோசகர் சின்னவளைப் பார்த்து, "உங்களுக்கு எத்தனை வருடம் ஆயிற்று?" என்று கேட்டார். தனக்கு இன்னும் அனுமதியே வரவில்லை, வேலை அனுமதியும் ஐந்து மாதத்தில் முடிகிறது என்று சின்னவள் சொன்னாள்.

"நான்கு வருடமா? அவ்வளவு ஆகாதே" என்று அவர் புருவத்தைச் சுருக்கினார். "கோப்பு எண் இருக்கிறதா?"

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அன்று ஆசைக்காக எடுத்து வைத்த படம் ஒன்று அவள் கைபேசியில் கிடந்தது. அதிலிருந்த எண்ணையும் பிறந்த தேதியையும் ஆலோசகர் கணினியில் தட்டினார். பிறகு திரையை இவள் பக்கம் திருப்பினார்.

"அனுமதி கொடுத்துவிட்டார்களே! பதினான்கு மாதம் ஆகிறது. கடிதமும் அட்டையும் உங்கள் பட்டறை முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். திரும்பி வரவில்லை, போய்ச் சேர்ந்திருக்கிறது."

சின்னவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கலெக்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஆலோசகரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அட்டை எங்கே போயிருக்கும் என்ற கேள்விக்கு அவளே பதிலும் வைத்திருந்தாள். "அத்தான் மேஜையைப் பார்த்திருக்கீங்கதானே? துணி சாம்பிள், பில்லு, குப்பை. அதுக்குள்ள எங்கேயாவது அமுங்கிக் கிடக்கும். பாவம், அவரே பார்த்திருக்க மாட்டார்."

கலெக்டர் தன் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யாரையும் நகரச் சொல்லவில்லை, ஜன்னலை மூடச் சொல்லவில்லை. இறங்கும்போது மட்டும், "எதுவா இருந்தாலும் என் வீடு இருக்கு. ஞாபகம் வச்சுக்கோ" என்றாள். சந்தோஷத்தில் சின்னவளுக்கு அது சரியாகக் காதில் விழவில்லை.

முனைக் கடையில் ஒரு கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தாள். அக்கா சோபாவில் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எனக்கு பி.ஆர். கிடைச்சுடுச்சு! போன வருஷமே குடுத்துட்டாங்களாம். அட்டை பட்டறைக்குத்தான் வந்திருக்கு. அத்தான் மேஜையைக் கவிழ்த்துத் தேடிப் பார்க்கணும், வா!"

அக்கா எழுந்திருக்கவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. கையிலிருந்த சட்டையை மடியில் வைத்து, அதன் பொத்தானைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"உட்காரு" என்றாள்.

சின்னவள் கேக்கை மேஜை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். அக்கா உள்ளே போய், அலமாரிக் கதவு திறந்து மூடும் சத்தத்துக்குப் பிறகு, ஒரு நீள உறையைக் கொண்டுவந்து நீட்டினாள். உறையின் ஓரம் கத்தரிக்கோலால் நேராக வெட்டப்பட்டிருந்தது. உள்ளே கடிதம். கடிதத்தோடு ஒட்டியபடி அவளுடைய முகம் போட்ட அட்டை. தேதியும் இருந்தது.

"எடுத்துச் சொல்லணும்னு எத்தனையோ தடவை நினைச்சேன்" என்றாள் அக்கா.

"தெரிஞ்சேவா?"

"அப்போதான் அந்த ஹோட்டல் ஆர்டர் வந்திருந்துச்சு. நீ வேற, பி.ஆர். வந்ததும் அந்தப் பெரிய ஷோரூமுக்குப் போயிடுவேன், அங்கே கூப்பிடறாங்கன்னு சாப்பிடறப்போ சொன்னே..."

"விளையாட்டுக்குச் சொன்னேன்கா."

"அவருக்கு விளையாட்டாத் தெரியல. நீ போயிட்டா அந்த ஆர்டரை யாரு தைப்பா? ஆறு மாசம் கழிச்சு சொல்லிக்கலாம்னார். நானும் சரின்னுட்டேன்."

சின்னவள் கடிதத்தின் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் விட்டு மாதங்களை எண்ணினாள். ஒரு தடவை எண்ணியது போதாமல் மறுபடியும் எண்ணினாள்.

"அம்மா படுத்தப்போ இது வந்து அஞ்சு மாசம் ஆகியிருக்கு."

அக்கா சட்டையைக் கையில் எடுத்துச் சுருட்டினாள்.

"நான் போயிருக்கலாம். போய்ட்டுத் திரும்பியும் வந்திருக்கலாம். தொண்ணூறு நாள் இருந்திருக்கலாம்கா."

"அப்போ சொல்லணும்னுதான் துடிச்சேன். ஆனா அப்போ சொன்னா, அஞ்சு மாசம் மறைச்சது தெரிஞ்சுடுமே. அம்மா தேறிடுவாங்க, அப்புறம் சொல்லிக்கலாம்னு பார்த்தேன். தேறல. அதுக்கப்புறம் எந்த வாயை வச்சுக்கிட்டு சொல்றது?"

அம்மாவின் முகம் ஆடிக்கொண்டே இருந்த அந்தப் படம் சின்னவளுக்கு நினைவு வந்தது. கை எதனால் நடுங்கியது என்று இப்போது கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அவளால் தாங்க முடியாது.

வெளியே வேன் நிற்கும் சத்தம் கேட்டது. அத்தான் உள்ளே வந்து, சின்னவளின் கையிலிருந்த உறையைப் பார்த்தார். ஒரு கணம் முகம் வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"சரி, தெரிஞ்சு போச்சா. நல்லதாப் போச்சு. பர்மிட் முடியறதுக்குள்ள நானே சொல்றதாத்தான் இருந்தேன்." எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். "தப்புதான், இல்லைன்னு சொல்லல. ஆனா அட்டையை நான் கிழிச்சா போட்டேன்? பத்திரமா வச்சிருந்தேனே. யோசிச்சுப் பாரு, இந்தப் பதினாலு மாசத்துல ஒரு நாள்கூட நீ வெளியே போகல. அத்தனை நாளும் உன் சிட்டிசன்ஷிப்புக்கு ஏறியாச்சு. ஒரு விதத்துல உனக்கு லாபம்தான்."

சின்னவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கத்த வேண்டும் போலிருந்தது. கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டாள்.

"எங்கம்மா செத்த நாளும் அதுல ஏறியிருக்கு அத்தான்" என்றாள்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா சட்டையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பின்னறையில் இருந்ததெல்லாம் இரண்டு பைகளில் அடங்கிவிட்டது. வாசல் வரை அக்கா பின்னாலேயே வந்தாள். "அடிச்சுக்கூடத் தீர்த்துக்கோ, போகாதேடி" என்று கையைப் பிடித்தாள். சின்னவள் கையை விடுவித்துக்கொண்டு நடந்தாள். கேக் மேஜை மேல் கட்டுப் பிரிக்காமலே இருந்தது.

கலெக்டர் கதவைத் திறந்ததும் எதுவும் விசாரிக்கவில்லை. "அந்தப் பை இங்கே, இந்தப் பை அங்கே. முதல்ல முகத்தைக் கழுவு. போ" என்று உத்தரவு போட்டாள். அந்த அதட்டலைக் கேட்டதும்தான் சின்னவளுக்கு அழுகை வந்தது.

அத்தான் பயந்தபடியே அவள் ஷோரூமில் சேர்ந்தாள். மூன்றாம் மாதம் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு அம்மாவின் வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டில் இப்போது தாய்மாமா குடியிருந்தார். சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவர். பையை வாங்கிக்கொள்ளக்கூட அவர் கை நீட்டவில்லை.

"இப்போதான் வழி தெரிஞ்சுதா?" என்றார்.

"மாமா?"

"உங்கக்கா எல்லாம் சொன்னா. எவ்வளவோ கூப்பிட்டாளாம். அட்டை கிடைக்காமப் போயிடும், நான் வர மாட்டேன்னு நீ சொல்லிட்டியாம். எங்கக்கா படுத்ததுலேருந்து உன்னைத்தான் கேட்டா. சின்னவ எங்கேன்னு கேட்கறப்போல்லாம் பெரியவ இதையேதான் சொன்னா. கடைசி ரெண்டு நாள் எங்கக்கா கேட்கறதையே விட்டுட்டா."

சின்னவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அட்டையை மறைத்ததைத்தான் இதுவரை பெரிய துரோகம் என்று நினைத்திருந்தாள். அதற்கு ஒரு காரணமாவது இருந்தது. ஹோட்டல் இருந்தது, பயம் இருந்தது. இதற்கு என்ன காரணம்? ஒரு அட்டையைத் தன்னைவிடப் பெரிதாக நினைத்த மகள் என்றே அம்மா கண்ணை மூடியிருக்கிறாள். அந்த நினைப்பை அருகில் உட்கார்ந்து ஊட்டியவள் அக்கா.

பைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்து மாமாவிடம் கொடுத்தாள். அவருக்கு அந்த மொழி வாசிக்கத் தெரியாது. தேதியை மட்டும் விரல் வைத்துக் காட்டினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மாமா அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னையும் உன்னைப் பத்தித் தப்பாப் பேச வச்சுட்டாளே" என்றார். "இப்பவே கூப்பிட்டுக் கேட்கறேன்."

"கேளுங்க மாமா. என்ன வேணும்னாலும் பேசுங்க. மன்னிச்சுடுன்னு மட்டும் அவளுக்காக என்கிட்ட வந்து நிற்காதீங்க."

மாமா தலையசைத்தார். எழுந்து பையைத் தூக்கிக்கொண்டார். அம்மா படுத்திருந்த அறை எது என்று சின்னவள் கேட்டாள். அவர் முன்னால் நடந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, அவளைத் தனியே விட்டுத் திரும்பினார். சற்று நேரத்தில், கூடத்தில் அவர் தொலைபேசியில் பெரியவளைப் பெயர் சொல்லி அழைப்பது கேட்டது. சின்னவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.