தலைவர் வாசித்த வரவேற்பு

கலாவிருத்தி மன்றத்தின் கூட்டம் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு என்று அழைப்பில் இருக்கும். ஐந்தரைக்குக் கவிஞர் வருவார். ஆறு மணிக்குத் தலைவர் வருவார். ஆறேகாலுக்கு வடை வரும். வடை வந்த பிறகுதான் இலக்கியம் வரும்.

சைகோனில் பள்ளிவாசலுக்குப் பின்தெருவில், ஒரு துணிக் கிடங்கின் மாடியில் இருந்தது அந்தக் கூடம். வாடகையை மன்றமும் ஒரு வியட்நாமிய நாடகக் குழுவும் சேர்ந்து கொடுத்தன. வார நாட்களில் அவர்கள் பாட்டு ஒத்திகை பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை இவர்கள் ஒருவரையொருவர் புகழ்ந்துகொள்வார்கள். கூடத்தைத் திறந்து, பெருக்கி, நாற்காலி போட்டு, காப்பி கலந்து வைப்பது தெய்வயானையின் வேலை. காரைக்காலிலிருந்து வந்தவள், அச்சுக்கோப்பவர் ஏகப்பனின் விதவை. சாவி அவள் இடுப்பில் இருந்தது. பத்து வருஷமாக அதை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை.

தலைவர் கரியமாணிக்கத்துக்குச் சந்தைக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை. ஆள் உயரம், குரல் கனம், மற்றதெல்லாம் கொஞ்சம் குறைவு. கவிஞர் வயிரவன் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கியில் கணக்கப்பிள்ளை. ஜப்பானியத் தளபதி வந்தபோது ‘கீழ்த்திசைச் செங்கதிரே’ என்று ஒரு வாழ்த்துப்பா எழுதினார். அந்த வருஷமே ஜப்பான்காரன் தோற்று இங்கிலீஷ்காரத் தளபதி வந்தார். அவரும் செங்கதிர் ஆனார். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து கவர்னர் உட்கார்ந்ததும் கதிர் அவர் பக்கம் சாய்ந்தது. பெயர் வரும் இடத்தை மட்டும் வயிரவன் பென்சிலில் எழுதி வைத்திருந்தார்.

வரவேற்புப் பத்திரம் எழுதுவது ஏகப்பன் காலத்திலிருந்தே அந்த வீட்டு வேலை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு, ஓரத்தில் பூவேலை. அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு விருந்தாளிக்குக் கொடுப்பார்கள். ஏகப்பனுக்குப் பிறகு தெய்வயானை எழுதினாள். தலைவர் அதை மேடையில்தான் முதல்முதலாகப் பார்ப்பார்.

“முன்னாடியே படிச்சிட்டா உணர்ச்சி செத்துப்போயிரும்மா” என்பார். “அப்பப்போ பொங்கி வரணும்.”

பொங்கியது. ஒவ்வொரு தடவையும் அவள் எழுதியதைத் தன் நெஞ்சிலிருந்து வந்ததாகவே நினைத்துக் கண் கலங்குவார்.

நாற்பத்தைந்து செப்டம்பரில், நகரம் யார் கையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத நாட்களில், ஏகப்பன் மனைவியையும் ஏழு வயது மகளையும் இழுத்துக்கொண்டு இந்தக் கூடத்துக்கு ஓடிவந்தான். மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினான். “நான்தான், ஏகப்பன்” என்று தமிழில் சொன்னான். உள்ளே பேச்சு நின்றது. ஒரு நாற்காலி நகர்ந்தது. ஆர்மோனியத்தையும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளையும் காவல் காத்துக்கொண்டு ஐந்து பேர் உள்ளே இருந்தார்கள், சாவி தலைவரின் சட்டைப்பையில் இருந்தது. கதவு திறக்கவில்லை. மூவரும் இறங்கி அடுத்த தெருவுக்குப் போனார்கள். அங்கிருந்து தெய்வயானை மட்டும் திரும்பி வந்தாள்.

இரங்கல் கூட்டம் சிறப்பாக நடந்தது. வயிரவன் பதினாறு வரி பாடினார். “மன்றத்தின் கதவு நண்பர் ஏகப்பனுக்கு என்றும் திறந்தே இருந்தது” என்று தலைவர் பேசினார், கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தனக்குத் தரும்படி தெய்வயானை கேட்டாள். சம்பளம் கேட்காததால் உடனே கொடுத்தார்கள்.

ஐம்பத்தைந்து ஏப்ரல் கடைசியில் மறுபடியும் ஊருக்குள் சண்டை வந்தது. அரசாங்கப் படைக்கும் ‘பின் சூயென்’ என்ற ஆயுதக் கும்பலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, பாலத்துக்கு அப்பாலிருந்த குடிசைகள் வரிசையாக எரிந்தன. நாடகக் குழுவின் தலைமைப் பாடகி பா ஹை, முகத்தில் கரியோடு தெய்வயானையின் வாசலில் வந்து நின்றாள்.

“பதினோரு குடும்பம்” என்றாள். “கீழே தெருவில நிக்கிறாங்க. கூடத்தைத் திறப்பியா?”

தெய்வயானை செருப்பைக்கூடப் போடவில்லை. கையகலப் பித்தளைப் பூட்டைத் திறந்து, அதைப் பா ஹையின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் கஞ்சி கொண்டுபோனபோது, கதவின் நாதாங்கியைப் பிடுங்கி அந்த இடத்தில் துணி காயப்போடக் கயிறு கட்டியிருந்தார்கள். பெரிய சோற்றுப் பானையின் மூடி பொங்கித் தூக்காமல் இருக்க, அதன்மேல் பூட்டு உட்கார்ந்திருந்தது. அந்தப் பூட்டு ஒரு வேலை செய்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

தலைவருக்குச் செய்தி போக மூன்று நாளாயிற்று. வயிரவனையும் கூட்டிக்கொண்டு வந்தார். மூக்கில் கைக்குட்டை வைத்துப் படியிலேயே நின்றார், கூடத்துக்குள் நுழையவில்லை.

“என்னம்மா இது, சத்திரமா? வர்ற பதினஞ்சாந்தேதி ஆண்டு விழா. நகராட்சி அதிகாரி வர்றார். புது அரசாங்கம். வெளிநாட்டுக்காரங்க சங்கம்னா அவர் கையெழுத்து வேணும். அவர் முகம் சுளிச்சா மன்றமே இல்லை.”

“அவங்க வீடு எரிஞ்சுபோச்சு, தலைவரே.”

“எனக்கு மட்டும் மனசில்லையா? ஆனா இது கலைக்கான இடம்.”

“ஆச்சி, கவிதைக்கு ஒரு சூழ்நிலை வேணும்ல” என்றார் வயிரவன். “கருவாட்டு வாசனைல என்னத்தப் பாடுறது?”

“நீங்க பாடினதுக்குக் கருவாடு எவ்வளவோ மேல்” என்றாள் தெய்வயானை. வயிரவன் அதைத் தமாஷ் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்.

தலைவர் முடிவாகச் சொன்னார். “பதினஞ்சாந்தேதி ஒரு ஆள்கூடக் கண்ணுல படக்கூடாது. இல்லேன்னா போலீஸ்ல சொல்லித்தான் கிளப்பணும். சாவியையும் அன்னைக்கே என்கிட்ட கொடுத்திருங்க.”

“கண்ணுல பட மாட்டாங்க” என்றாள் அவள்.

அன்று மாலையே வரவேற்புப் பத்திரம் எழுத உட்கார்ந்தாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக அதற்கு இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். பிரெஞ்சுப் பக்கத்தை மூன்று தரம் திருத்தினாள்.

விழா நாளில் கூடம் பளிச்சென்று இருந்தது. மேடைக்குப் பின்னால் நாடகக் குழுவின் அரண்மனைத் திரை, தூணும் தாமரைக் குளமுமாகத் தொங்கியது. தலைவர் மூலை மூலையாக எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. “அம்மா, நீங்க காரியக்காரி” என்று திருப்தியாகச் சொன்னார்.

அதிகாரி வந்தார். ஒல்லியான, சிரிக்காத மனிதர். வயிரவன் கதிரை இந்த முறை வடக்கிலிருந்து உதிக்க வைத்தார், அதிகாரி வடக்கே ஹ்யூ ஊர்க்காரர் என்று கேள்விப்பட்டதால். பிறகு கண்ணாடிச் சட்டம் அதிகாரியின் மடிக்கு வந்தது. அதன் பிரதியை ஏந்தித் தலைவர் தொண்டையைச் செருமினார். முதல் பத்தி தன்னைப் பற்றியதாக இருந்ததால் சுகமாக வாசித்தார். இரண்டாவதும் அவரைப் பற்றியதுதான்.

“…எரிந்த வீடுகளிலிருந்து வந்த பதினோரு குடும்பங்களுக்கு இக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்ட எம் தலைவர்…”

அவர் நின்றார். அடுத்த வரிக்குக் கண் ஓடியது. முகத்தில் பொங்கியது இந்தத் தடவை வேறு ஏதோ.

அதிகாரி பிரெஞ்சில் அதே இடத்துக்கு வந்திருந்தார். மெதுவாகத் தலை நிமிர்ந்து தலைவரைப் பார்த்தார். பார்வையில் அதுவரை இல்லாத மரியாதை இருந்தது. தலைவர் அதைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அவர் அறுபது வருஷத்தில் யாரிடமும் வாங்கியதில்லை. விழுங்கிக்கொண்டு மேலே வாசித்தார்.

“…அவர்களுக்கு வீடு கட்டித் தரப்படும் நாள்வரை அவர்களை இங்கேயே வைத்துக் காப்பதென்று உறுதி பூண்டுள்ளார்.”

“அவர்கள் எங்கே?” என்று அதிகாரி பிரெஞ்சில் கேட்டார்.

தெய்வயானை மேடையோரம் போய்க் கயிற்றை இழுத்தாள். அரண்மனை மேலே போயிற்று. பின்னால் பாயும் மூட்டையுமாக ஐம்பது பேர், நல்ல சட்டை போட்டு, சத்தம் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் மடியில் சேவலை வைத்து அதன் அலகைப் பொத்தியிருந்தார். பா ஹை எழுந்து வணங்கினாள். அதிகாரியும் எழுந்தார். விழாவுக்கு வந்திருந்த பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.

ஒரு மூச்சு விடும் நேரம் தலைவர் தவித்தார், அவ்வளவுதான். பிறகு இரண்டு கையையும் விரித்து, அந்தக் குடும்பங்களைத் தானே பெற்றவர்போல அவர்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. தெய்வயானை அவர் முகத்தைப் பார்த்தாள். கோபப்பட அதில் ஒன்றும் இல்லை. பத்து வருஷம் இந்த ஆளையா வெறுத்தோம், அதற்குக்கூட இவர் போதாதே என்று தோன்றியது.

மறுநாள் காலை தலைவர் ஒரு கட்டுப் பத்திரிகைப் பிரதிகளோடு அவள் வீட்டுக்கு வந்தார்.

“பாத்தீங்களா, முதல் பக்கம். இதை ரொம்ப நாளா மனசுல வச்சிருந்தேம்மா. நீங்க எழுதினது அப்படியே என் வார்த்தை.”

“அப்படியா.”

“அதிகாரி மாசாமாசம் வந்து பாக்குறேன்னுட்டார். பொறுப்பு என் தலையில. அதனால சாவி என்கிட்ட இருக்கறதுதான் முறை.”

தெய்வயானை இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. சட்டைப்பையில் போட்டு, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார். பழைய பை, பழைய இடம்.

“வாங்க, கஞ்சி கொண்டுபோறேன்” என்றாள்.

மாடிப்படி ஏறியதும் தலைவர் கதவுப் பக்கம் திரும்பினார். நாதாங்கி இருந்த இடத்தில் கயிறும், கயிற்றில் குழந்தைத் துணியும் தொங்கின. அவர் குனிந்து கீழே பார்த்தார், கதவுக்குப் பின்னால் பார்த்தார்.

“பூட்டு எங்கம்மா?”

உள்ளே பானை பொங்கத் தொடங்கியிருந்தது. மூடிமேல் இருந்த பித்தளை லேசாக ஆடியது. தெய்வயானை கஞ்சித் தூக்கை இறக்கி வைத்துவிட்டு, பா ஹையிடம் அகப்பையைக் கேட்டாள்.