இரண்டு கத்தரிக்கோலும் ஒரே பதிவும்

1

“இது என்னோடது இல்லீங்க.”

“நீங்க எழுதிக் குடுத்த அடையாளம் அத்தனையும் இதுல—”

“அடையாளம் இருக்கு, கத்தரி இல்ல. நான் சொல்றதக் கொஞ்சம்—”

“பத்து அங்குலம், கறுப்புப் பிடி, அதே கம்பெனி. இன்னும் என்னம்மா வேணும் உங்களுக்கு?”

“என் கத்தரி வேணும்.”

“அதத்தானே கையில வச்சிருக்கீங்க.”

“பதினெட்டு வருஷமா என் கட்டைவிரல் போய்ப் போய் அந்த வளையம் தேஞ்சிருக்கும். இது விரலக் கடிக்குது. அதோட, இதுல யாரோ காகிதம் வெட்டியிருக்காங்க. என் கத்தரியால ஒரு பொட்டலம் பிரிக்க என் வீட்டுக்காரரையே விடமாட்டேன் நான்.”

“காகிதம் வெட்டினதெல்லாம் கண்ணுக்குத் தெரியுமா?”

“கண்ணுக்குத் தெரியாது. துணிக்குத் தெரியும்.”

எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான். பேருந்தில் விட்ட குடையைக் கேட்டு, தவறவிட்ட பொருள்களை வைத்திருக்கும் அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு தையல்காரிக்கும் கவுண்டர்க்காரிக்கும் இந்தப் பேச்சு நடந்தது. யார் என்ன உடுத்தியிருந்தார்கள் என்று கேட்டால் முழிப்பேன். எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். குடை கிடைத்துவிட்டது. அது என்னுடையதுதானா என்று நான் சரிபார்க்கவில்லை.

(சண்டையின் கடைசி வரி நான் சேர்த்தது. அந்த அம்மாள் உண்மையில் சொன்னது, “அதெல்லாம் உங்களுக்குப் புரியாது” என்பது. எனக்கு அது போதவில்லை.)

2

மறுபாதி சுவர் வழியாக வந்தது. பக்கத்து வீட்டு முன்னறையில் மாலை ஆறு மணிக்குக் கணினி நிரல் எழுதக் கற்றுத்தரும் வகுப்பு நடக்கிறது. வேலை முடிந்து வருகிறவர்கள்தான் படிக்கிறார்கள். சுவர் மெலிது, வாத்தியாருக்குத் தொண்டை பெரிது. ஒரு திரையைக்கூடப் பார்க்காமல் ஆறு மாதமாக நானும் படித்துக்கொண்டிருக்கிறேன்.

“கிளாஸ்னா அச்சடிச்ச வெறும் படிவம். ஆப்ஜெக்ட்னா அதுல நிரப்பின தாள். சரியா?”

“சரி சார்.”

“அடுத்த தாளுக்கு என்ன நம்பர் போடணும்னு யாரக் கேப்பீங்க?”

“போன தாள, சார்.”

“போன தாளுக்குத் தன் சமாச்சாரம் மட்டும்தான் தெரியும். படிவக் கட்டக் கேளுங்க. ஒரு தாள்கூட நிரப்பலேன்னாலும் கட்டு பதில் சொல்லும். கட்டுக்குச் சொந்தமான கேள்விக்குப் பேர்தான் ஸ்டாட்டிக் மெத்தட்.”

இன்னொரு நாள்:

“ரெண்டு தாளும் ஒண்ணான்னு கேட்டா, என்ன கேக்கறீங்க? ஒரே தாளான்னா, இல்ல ஒரே மாதிரி எழுதியிருக்கான்னா? முதல் கேள்விக்கு மெஷினே பதில் சொல்லும். ரெண்டாவதுக்கு, எதெது ஒத்துப்போனா சமம்னு நீங்கதான் அதுக்குச் சொல்லிக்குடுக்கணும். தப்பாச் சொல்லிக்குடுத்தா, தப்பான பதிலையே ரொம்ப மரியாதையாச் சொல்லும்.”

இதைக் கேட்டபோது நான் கீரை— இல்லை, எதையோ நறுக்கிக்கொண்டிருந்தேன், அது முக்கியமில்லை. கத்தி நின்றது. அந்த அலுவலகத்து மெஷினுக்கு யாரோ ஒருத்தி தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் என்று தோன்றியது. அவளை நான் பார்த்ததில்லை. அதனால் உண்டாக்க வேண்டியதாயிற்று.

3

அவளைச் சின்னவள் என்று வைத்துக்கொள்வோம். தையல்காரியோடு சண்டை பிடித்த கவுண்டர்க்காரி பெரியவள். சின்னவளுடைய கணவனின் அக்கா. ஒரே வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் ஒரே அலுவலகத்துக்கு வருகிறார்கள். அங்கே சின்னவளுக்கு வேலை வாங்கிக்கொடுத்ததே பெரியவள்தான். அதை ஒருநாளும் அவள் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் இந்தக் கதையை எழுதுவது எளிதாயிருக்கும்.

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: ‘சின்னவள் எதைச் செய்தாலும் அரைகுறைதான். அன்றைக்கும் அவள் வழக்கம்போல’

அங்கேயே விட்டுவிட்டேன். அரைகுறைக்காரி செய்த தப்பில் கேட்க என்ன இருக்கிறது?

இரண்டாம் வரைவில் அவள் கதவைப் பூட்டிவிட்டு இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பவள். இரண்டு வரைவிலும் அவளுக்கு வயது முப்பத்தெட்டு, அதே நாத்தனார், அதே மேசை, அதே மாலை வகுப்பு. படிவத்தில் போடுகிற விவரம் எல்லாம் ஒத்துப்போகிறது. ஆனால் இவள் அவளில்லை. கிழித்துப் போட்ட அந்த முதல் சின்னவளைக் கேட்டு எந்தக் கவுண்டருக்கும் யாரும் வரப்போவதில்லை.*

* இந்தக் கதையில் மொத்தம் எத்தனை பேர் என்று சின்னவளைக் கேட்டால் அவளுக்குத் தெரியாது. பெரியவளுக்கும் தெரியாது. என்னைத்தான் கேட்க வேண்டும். ஒருவரையும் எழுதாமல் இருந்திருந்தாலும் நான் பதில் சொல்லியிருப்பேன்: சுழியம்.

4

அந்த அலுவலகத்தில் முன்பெல்லாம் தடித்த பேரேட்டில்தான் பதிவு. தாங்க முடியாமல், மாலை வகுப்பில் அதுவரை கற்றதை வைத்துச் சின்னவள் ஒரு நிரல் எழுதினாள். அதைப் பார்க்க வருவதாக மேலாளர் சொன்னார். இரண்டு மாதம் ஒழுங்காக ஓடினால் அவளைக் கணினிப் பிரிவுக்கு மாற்றுவதாகவும் சொன்னார்.

அவர் வருவதற்கு அரை மணி முன்னால், சோதித்துப் பார்க்க இருபது பொருள்களை உள்ளே ஏற்றினாள். இருபதுக்கும் வரிசை எண் ஒன்று. குடைக்கு எண் ஒன்று, சாவிக்கொத்துக்கு எண் ஒன்று, ஒற்றைச் செருப்புக்கும் எண் ஒன்று. எண்ணுகிற வேலையைப் படிவக் கட்டுக்குக் கொடுக்காமல் ஒவ்வொரு தாளுக்கும் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு தாளும் புதிதாகப் பிறந்து, தன்னை மட்டும் எண்ணி, ஒன்று என்று சொல்லி உட்கார்ந்துகொண்டது.

எண் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே பொருள் என்றும் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஆகவே குடையும் ஒற்றைச் செருப்பும் ஒரே பொருள் என்றது நிரல்.

எண் ஏன் ஒன்றிலேயே நிற்கிறது என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. நேரமும் இல்லை. ஒப்பிடும் இடத்திலிருந்து எண்ணைத் தூக்கிவிட்டு வகை, நிறம், அளவு, கம்பெனி என்று நாலு விவரத்தைப் போட்டாள். குடை வேறு, செருப்பு வேறு என்று ஆனது. மேலாளர் வந்தார், பார்த்தார், தலையாட்டினார்.

(சரியான இடத்தில் திருத்துவதற்குப் பதில் தெரிந்த இடத்தில் திருத்துவது. அதைப் பற்றி இங்கே ஒரு பத்தி எழுதினேன். பிரசங்கம் போலிருந்தது, எடுத்துவிட்டேன்.)

இரண்டு மாதம் கழித்து, ஒரே வாரத்தில் இரண்டு பேருந்துகளிலிருந்து இரண்டு கத்தரிக்கோல்கள் வந்தன.

“இங்க வாயேன். ரெண்டாவது கத்தரி போடறேன், ஏற்கெனவே பதிவாயிருக்குன்னு சொல்லுது.”

“நீங்களே மறந்துபோய் ரெண்டாந்தடவை போடறீங்களோ என்னவோ, அண்ணி.”

“இது இப்பத்தான் வந்த மாதிரி இருக்கே.”

“நேத்து வந்ததா இருக்கும். அது தப்புப் பண்ணாது.”

“அப்ப எனக்குத்தான் மறதி.”

பெரியவள் இரண்டாவதைக் கொண்டுபோய் முதலாவது இருந்த தட்டிலேயே போட்டாள். போடும்போது அங்கே இன்னொன்று கிடந்ததைப் பார்த்திருக்க மாட்டாளா? பார்த்திருப்பாள். ஆனால் தனக்கு மறதி என்று ஐந்து நிமிஷத்துக்கு முன்புதான் ஒப்புக்கொண்டிருந்தாள். மறுபடி கூப்பிடக் கூச்சமாக இருந்திருக்கும்.

நாற்காலிக்கு மெத்தை தைக்கிறவர் ஒருவர் வந்து அடையாளம் சொன்னார். நாலும் ஒத்துப்போயின. கைக்கு வந்ததை எடுத்துக்கொடுத்தாள், பதிவு மூடிக்கொண்டது. மறுநாள் தையல்காரி வந்தாள்; தட்டில் மிஞ்சிக் கிடந்தது அவள் கைக்குப் போனது. மீதி உங்களுக்குத் தெரியும். மெத்தைக்காரரைப் போனில் பிடித்தார்கள்.

“கத்தரி நல்லா வெட்டுதும்மா. என் பழசவிட நல்லாவே வெட்டுது.”

“அது வேற ஒருத்தங்களோடதுங்க. துணி மட்டும் வெட்டறது. நீங்க எதுல வெட்டறீங்க?”

“ரெக்ஸின்ல. காலையிலேருந்து மூணு சோபா ஆச்சு.”

தையல்காரி எழுத்தில் புகார் கொடுத்தாள். இன்று ஐந்து மணிக்குள் விளக்கம் தரவேண்டும் என்று பெரியவளுக்கு மெமோ வந்தது. விளக்கம் சரியில்லை என்றால் கவுண்டர் போய்விடும். அடுத்தது பின்னால் மூட்டை அறையில் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கவுண்டரில் உட்கார்ந்தவள் அவள்.

5

மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் தன் நிரலைத் திறந்தாள். இந்த இரண்டு மாதத்தில் வகுப்பில் அந்தப் பாடம் வந்துவிட்டிருந்தது. எண்ணும் வேலையைத் தாளிடமிருந்து பிடுங்கிக் கட்டுக்குக் கொடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் நகர்ந்தது. சமமா என்று பார்க்கும் இடத்தில் எண்ணைத் திரும்ப வைத்தாள். நாலு நிமிஷ வேலை. இனிமேல் யார் திறந்து பார்த்தாலும் நிரல் சரியாக இருக்கும். தப்பு நடந்த தடம் அவள் தலைக்குள் மட்டும்தான்.

திங்கட்கிழமை அவளுக்கு மாற்றல் உத்தரவு வருகிறது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அவள் நேரே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிடுகிறாள். “சரி, திருத்திட்டீங்கல்ல?” என்று அவர் கேட்கிறார். எட்டு வரியில் எல்லாரும் நல்லவர்களாகிவிட்டார்கள். அவள் நாற்காலியை விட்டு எழுந்ததையே என்னால் நம்ப முடியவில்லை.

பெரியவளே கண்டுபிடித்து, வீட்டில் மூன்று மாதம் முகம் கொடுக்காமல் இருக்கிறாள். இது நன்றாக வரும். அடுப்படியில் பேச்சு கொட்டும். ஆனால் அவளுக்கு நிரல் படிக்கத் தெரியாதே. என் வசதிக்காக அவளையும் அந்த மாலை வகுப்பில் சேர்க்க முடியாது.

மெத்தைக்காரர் கத்தரியைத் திருப்பிக் கொண்டுவருகிறார், தையல்காரி அதை வாங்கிப் பார்த்து

இல்லை. அது கத்தரிக்கு முடிவு. மூன்று சோபா வெட்டிய பிறகு அது அவள் கத்தரிதானா என்பதை அவளேதான் சொல்ல வேண்டும். அதற்குள் நான் போகவில்லை.

ஆகவே இரண்டு பேரையும் ஒரு மேசையில் உட்காரவைத்துவிட்டு, கேட்டதை மட்டும் எழுதுகிறேன். எனக்குக் கேட்டது ஓர் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் உங்களுக்கு ஏதாவது கேட்டால் அது உங்களுடையது.

6

மணி நாலே முக்கால். கவுண்டரின் கண்ணாடியை இழுத்து மூடியாகிவிட்டது. பெரியவள் வெள்ளைத் தாளுக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் எதிரே இருந்தாள்.

“தேதி போட்டாச்சு. ‘மேலாளர் அவர்களுக்கு’ன்னு போட்டாச்சு. அப்புறம்?”

“நடந்ததை எழுதுங்க அண்ணி.”

“என்ன நடந்ததுன்னு எனக்கே தெரியலையே. ரெண்டு வந்துச்சுன்னு கை சொல்லுது. ஒண்ணுதான்னு அது சொல்லுது. நீயும் அன்னைக்கு அதான் சொன்னே.”

சின்னவள் பேனா மூடியைக் கழற்றினாள், திரும்பப் போட்டாள்.

“வயசாயிடுச்சுன்னு எழுதிடவா? பாவம்னு விட்டுடுவார்.”

“உங்களுக்கு என்ன வயசாயிடுச்சு?”

“அம்பத்தொண்ணு. மறதிக்கு அது பத்தாதா?”

“அண்ணி, அந்த நிரல்ல—”

“அதப் பத்தி ஒரு வரி வரக்கூடாது. திங்கக்கிழமை உனக்கு ஆர்டர் வருது. நான் எதையோ எழுதப்போக, அந்த மனுஷன் அதப் பிடிச்சுத் தோண்ட ஆரம்பிச்சா?”

“அதுக்கில்ல அண்ணி...”

“எதுக்கும் இல்ல. கவுண்டர் போனா மூட்டை அறை. அங்கயும் மின்விசிறி இருக்கு.”

பெரியவள் தாளை நேராக்கி, பேனாவை அதன்மேல் ஊன்றினாள்.

“உனக்குத்தான் நல்லா எழுத வரும். ‘என் மறதியால் நேர்ந்தது’ன்னு போடவா, ‘என் கவனக்குறைவால் நேர்ந்தது’ன்னு போடவா? நீ சொல்லு, அப்படியே எழுதிடறேன்.”