சுவரில் மதன்குமார்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கிய மதன்குமார் எதிர்ச் சுவரில் தன் முகத்தையே பார்த்தான். கறுப்புக் கண்ணாடி, காதில் ஹெட்போன். பெங்களூர் கிளப் போஸ்டருக்காக அவனே எடுத்துப்போட்ட படம். மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று இருந்தது. பசை இன்னும் காயவில்லை.

பெங்களூரில் அவன் டிஜே. சினிமாப் பாட்டுப் போடமாட்டான். யாருக்கும் பெயர் தெரியாத பிள்ளைகள் வீட்டு அறையில் உட்கார்ந்து உருவாக்கும் இசையைத் தேடிப் பிடிப்பான். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளப்பை வாடகைக்கு எடுத்து, தானே போஸ்டர் ஒட்டி, தானே டிக்கெட் விற்று, 'கரிசல் நைட்' நடத்துவான். முதல் மாதம் பாரில் வேலை பார்த்தவர்கள் மட்டுமே ஆடினார்கள். இப்போது வாசலில் வரிசை நிற்கிறது. நேற்றைக்கும் கரிசல் நைட்தான். அவனோ புது இடம் பேசி முடிக்கக் கொச்சி போயிருந்தான். அங்கே ஸ்டேஷனில் போனைப் பறிகொடுத்துவிட்டு, ஊரைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று மதுரை பஸ் ஏறியவன்.

ஆட்டோ பிடித்துத் திருச்சுழிப் பக்கம் தன் ஊருக்குப் போனான். வீட்டு வாசலில் பந்தல். அவனைக் கண்டதும் அழுகை அப்படியே நின்றது. ஒரு பெரியவர் அவன் கால் தரையில் பாவுகிறதா என்று குனிந்து பார்த்தார். அம்மா முருகலட்சுமி எழுந்து வந்து அவன் கன்னத்தைத் தடவினாள்.

"ராத்திரி பெங்களூர் போலீஸ்ல இருந்து போன் வந்துச்சுடா," என்றார் சித்தப்பா. "மேடையில கரண்டு அடிச்சு டிஜே மதன்குமார் செத்துட்டாருன்னாக. அப்பவே ஒங்கப்பா காரெடுத்துட்டுப் போயிட்டாக."

சித்தப்பாவின் போனில் அப்பாவை அழைத்தான். ராமசுப்பு பெங்களூரில் பிணவறை வாசலில் நின்றிருந்தார். மகனின் குரல்தானா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"இன்னும் உள்ள விடல. ஒன் பேரு போட்ட பாஸு கழுத்துல கெடந்துச்சாம்," என்றார். "அப்ப படுத்திருக்கது யாருலே?"

மதன்குமாருக்கு உடனே புரிந்தது. தங்கபாண்டி. பக்கத்து வீட்டுக்காரன். ஸ்பீக்கரும் லைட்டும் பார்த்துக்கொள்ள மதன்குமார்தான் அவனைப் பெங்களூருக்குக் கூட்டிப்போயிருந்தான். 'ஒரு நாளைக்குத்தானடா, எம்பேரச் சொல்லிச் சமாளி' என்று தன் பாஸைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டிவிட்டவனும் மதன்குமார்தான்.

யாரோ அவன் கையைப் பிடித்தார்கள். தங்கபாண்டியின் அம்மா சந்தனம்மாள். அழுது வீங்கிய முகத்தில் சிரிப்பு.

"ஒனக்கு ஒண்ணுமில்லையே ராசா, அது போதும். இந்தப் பயலுக்கு விடிஞ்சதுல இருந்து போன் போடுறோம், எடுக்க மாட்டேங்கான். ஒன்னய நெனச்சு எங்க அழுதுக்கிட்டுக் கெடக்கானோ."

மதன்குமார் தரையில் உட்கார்ந்தான். அவளையும் உட்காரவைத்தான்.

"பெரியம்மா, நேத்து நான் அங்க இல்ல. எனக்குப் பதிலா அவன்தான் நின்னான்."

"பதிலான்னா?" என்றாள் அவள், சிரிப்பு மாறாமல்.

முதலில் முருகலட்சுமிக்குத்தான் புரிந்தது. ஓடிவந்து சந்தனம்மாளைக் கட்டிக்கொண்டாள்.

பந்தலைப் பிரித்துப் பக்கத்து வீட்டு வாசலில் போட்டார்கள். வாங்கிவந்த மாலைகளும் அங்கேயே போயின. சந்தனம்மாள் யாரையும் ஏசவில்லை. நடுராத்திரி ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்வரை மதன்குமாரின் கையை விடவுமில்லை.