இடப்பக்கம் கிழக்கு

ஷாரோன் ஒரு நட்சத்திரக் கூட்டத்தோடு நாலு வருடம் குடித்தனம் நடத்தினாள் என்றுதான் சொல்ல வேண்டும். சிங்கப்பெருமாள் கோயிலில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு, ஒரு லேப்டாப், சர்வே ஆபீசில் முப்பது வருடம் நிலம் அளக்கும் செயின் பிடித்து ஓய்வு பெற்ற அப்பா ஏசுபாதம். கூடப் படித்தவர்களெல்லாம் ஆளுக்கொரு நாட்டில் இருந்தார்கள். கைடு வாசுதேவன் சார் வாரத்துக்கு ஒரு தடவை ஸ்கிரீனில் வருவார், பேச்சு சூடு பிடிக்கும்போது படம் அப்படியே நின்றுவிடும்.

ஆராய்ச்சி இதுதான். வானத்தில் உருண்டையாகத் திரண்டு நிற்கும் கிழட்டு நட்சத்திரக் கூட்டங்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் லட்சக்கணக்கில். எல்லாம் ஒரே வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவை என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அப்படியெல்லாம் இல்லை, பெரும்பாலான கூட்டங்களில் சோடியம் தூக்கலான இரண்டாவது வகை ஒன்றும் கலந்திருக்கிறது என்று இப்போது தெரியும். ஷாரோன் தன் கூட்டத்தில் மூன்றாவதாக ஒரு வகையைப் பிடித்தாள். நிறத்தை அளந்து அளந்து பிரித்ததில் நாற்பத்தொரு நட்சத்திரங்கள் தனியே வந்து நின்றன. ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அதை நம்பிச் சிலி நாட்டில் ஓர் ஆய்வுக்கூடம் மூன்று வருட வேலைக்குக் கூப்பிட்டது.

சந்தோஷம் வந்தால் சொல்ல ஆள் வேண்டாமா? கீழ் வீட்டு ஞானம்பாள் அக்காவிடம் சொன்னாள். “நல்லதும்மா, கல்யாணம் எப்போ?” என்று கேட்டுவிட்டு அக்கா வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். அப்பாதான் தலைகால் புரியாமல் ஆடினார். மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் சொந்த ஊர்ச் சபையில், ஞாயிற்றுக்கிழமை அவளே எழுந்து கர்த்தர் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பாஸ்டரிடம் போனிலேயே முடிவு செய்துவிட்டார்.

சபைக்குக் காட்டுவதற்காகச் சனிக்கிழமை காலையில் கூட்டத்தின் படத்தைப் பிரிண்ட் எடுத்து வந்தாள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நிலம் அளந்த புலப்படத்தைப் பார்ப்பதுபோல் முதலில் ஓரத்து அம்புக்குறிகளைத்தான் பார்த்தார்.

“இன்னாமா இது? மேல வடக்கு. கிழக்கு இடப்பக்கம் கீது?”

“அது அப்படித்தான்பா. நிலத்த கீழ பாக்கறோம், வானத்த மேல பாக்கறோம். வடக்கால தலை வெச்சி மல்லாக்கப் படுத்துப் பாரு, கிழக்கு இடது கைப்பக்கம் வரும்.”

“வடக்கால தலை வெச்சிப் படுக்கக்கூடாதும்மா” என்றார் அவர், ரொம்ப அக்கறையாக.

ஷாரோன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அந்தக் கூட்டத்துக்கும் நமக்கும் நடுவே தூசு. ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் லேசு. தூசைத் தாண்டி வரும் ஒளி சிவந்துபோகும். அந்தச் சிவப்பைக் கழிக்க அவளே ஒரு தூசுப்படம் தயாரித்திருந்தாள். லேப்டாப்பைத் திறந்து அதைப் பார்த்தாள். அதில் கிழக்கு வலப்பக்கம் இருந்தது. பள்ளிக்கூடத்து வரைபடம் மாதிரி. அடர்ந்த பக்கத்தில் குறைவாகவும் லேசான பக்கத்தில் அதிகமாகவும் சிவப்பைக் கழித்திருக்கிறாள்.

புரோகிராமில் பாழாய்ப்போன ஒரு மைனஸ் குறி. திருத்தி மறுபடி ஓட்டினாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்தொன்றும் சொல்லாமல் கொள்ளாமல் இரண்டாவது வகைக்குள் போய் உட்கார்ந்துகொண்டன.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? இன்னும் பத்து வருடத்துக்கு அந்தக் கூட்டத்தை எவரும் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. அதற்குள் சிலியில் அவளுக்கு ஒரு வேலை, பேச நாலு பேர், மத்தியானம் கூடச் சாப்பிட ஆள் எல்லாம் கிடைத்திருக்கும். அதுதான் வலித்தது. சாயங்காலம் வரை மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கிவந்து, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆய்விதழுக்கும் சிலிக்கும் எழுதினாள். வாசுதேவன் சாருக்கும் ஒரு பிரதி. ‘திங்கட்கிழமை பேசுவோம்’ என்று அவர் பதில் போட்டார்.

ஞாயிறு காலை சபையில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்தாள். அப்பா முன்வரிசைப் பாயில், படத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நான் ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு அப்பா சொல்லியிருப்பாரு. அது தப்பு. அப்படி ஒண்ணு இல்லவே இல்ல. நான்தான் இடம் வலம் மாத்திப் போட்டுட்டேன்.”

“ஸ்தோத்திரம்” என்றது சபை, ஒரே குரலில்.

“வேலையும் அநேகமா போயிரும்.”

“ஸ்தோத்திரம்.”

சாராள் அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு, “எவ்ளோ பெரிய படிப்பு” என்றாள். அடுத்த சாட்சிக்கு ஆளைக் கூப்பிட்டார்கள். அத்தனை பேருக்கு நடுவில் அவ்வளவு தனியாக ஷாரோன் ஒருநாளும் நின்றதில்லை.

செங்கல்பட்டு பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. அப்பா கேட்டார்.

“தப்புன்னு எப்படிமா தெரிஞ்சிது? எவனாவது சொன்னானா?”

செயின் இழுத்துக் காய்த்துப்போன அவர் உள்ளங்கைகளைப் பார்த்தாள்.

“இல்லப்பா. நானேதான் பாத்தேன்.”

“அதான பாத்தேன். ஒன்ன விட்டா எவனுக்குத் தெரியும்” என்றார். குரலில் நேற்றைய பெருமை கொஞ்சம் திரும்பியிருந்தது. மடித்த படத்தை மறுபடி பிரித்தார்.

“இருந்தாலும் கிழக்கு இந்தப் பக்கம் கீறது இன்னும் மண்டைல ஏறலம்மா.”

ஷாரோன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.