எடை குறைந்த சொல்

"வந்துட்டேன்" என்ற சொல்லின் விலை நானூற்று இருபது யென். சூடாகவும் கிடைக்கும், ஜில்லென்றும் கிடைக்கும். விலை ஒன்றுதான்.

நாகானோ பக்கம் ஒரு சின்ன ரயில் நிலையம். நடைமேடை முடிகிற இடத்தில், காசு போட்டால் காப்பி தரும் இயந்திரம் நின்றது. மேல் வரிசையில் காப்பி. நடுவில் சோள சூப். கீழ் வரிசையில் சொற்கள். எனக்கு வேண்டியது கீழ் வரிசையின் கடைசி டப்பா.

இத்தனைக்கும் நான் ஜப்பானிய மொழியை மறந்தவன் அல்ல. விலாங்கு மீனுக்கும் விற்பனை வரிக்கும் சொல் நினைவிருந்தது. வீடு திரும்பியதும் சொல்கிற அந்த ஒரு சொல் மட்டும் வாயில் இல்லை. பதினெட்டு வருடமாக நான் அதற்கு வேலை கொடுக்கவில்லை. அது வேறு யாரிடமாவது சேர்ந்திருக்கும்.

அது இல்லாமல் குவாபரா வீட்டில் நான் வந்ததாக ஆகாது.

நான் விருதுநகர் மிளகாய் வத்தல் மண்டிக்காரன். எழுதிய விலைக்கு எதையும் வாங்கியதில்லை. முந்நூறு என்றேன். இயந்திரம் பேசவில்லை. முந்நூற்று இருபது என்றேன். அதற்கும் பேச்சில்லை. திரும்பி நடந்தேன். பேரத்தில் வாயை விட முதுகு நன்றாகப் பேசும். படிக்கட்டை எட்டுவதற்குள் பின்னால் விளக்கு மினுக்கியது. முந்நூற்று ஐம்பது.

சூடாக ஒன்று வாங்கினேன். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன். உள்ளே சொல் உருண்டது. எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நிலையத்தார் அதைக் கண்டித்தார்கள். இறங்கி நடந்தேன்.

நடந்தது இதுதான். மாணவனாக வந்து ஒரு வருடம் குவாபரா வீட்டில் தங்கியிருந்தேன். கிளம்பிய அன்று "சயோனாரா" சொல்லியிருக்க வேண்டும். அது போய்விடுகிறவர்களின் சொல். எங்கள் ஊரில் "போறேன்" என்று சொன்னால் வாயிலேயே போடுவார்கள். அதனால் "இத்தெகிமஸ்" என்றேன். போயிட்டு வர்றேன் என்று பொருள். மூலைக் கடைக்கு முட்டை வாங்கப் போகிறவர்கள் சொல்வது. "போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு, அவர்கள் எனக்கும் சேர்த்து அரிசி களைந்தார்கள். நான் விமானம் ஏறினேன்.

ஓர் ஆள் வெளியே இருக்கும்போது நாளை முடிக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. அன்றைய இரவுச் சாப்பாடு இன்னும் நடந்துகொண்டிருந்தது. போன மாதம் அந்த வீட்டுப் பெண் சிஹோ போன் செய்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும்.

கதவு திறந்திருந்தது. வீட்டுக்குள் போடுகிற என் நீல நிறச் செருப்பு உள்ளே பார்த்தபடி காத்திருந்தது. போட்டுக்கொண்டேன். வாசலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே இருந்த நடைவழி ஆண்டுக்கு ஆண்டு நீண்டிருந்தது. இப்போது அதில் ஒற்றைப் பெட்டி ரயில் விட்டிருந்தார்கள். ஏறினேன். குளியலறையில் ஒரு நிமிடம் நின்றது. யாரும் இறங்கவில்லை. அடுத்த நிறுத்தம் சாப்பாட்டு அறை என்று அறிவித்தபோது டப்பாவை இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அவர்கள் பேசியது ஜப்பானிய மொழி. எனக்குக் கேட்டது விருதுநகர்த் தமிழ். கேட்டபடி எழுதுகிறேன்.

வீட்டம்மா கஸுயோ சோற்றுக் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பதினெட்டு வருடமாக அந்தக் கை இறங்கவில்லை. சோற்றில் ஆவி பறந்தது.

"லேட்டாயிருச்சோ?" என்றார்.

"கொஞ்சம்."

"பஸ்சு கெடைக்கலியாக்கும்."

அவர் கணவர் குவாபரா தலையை மட்டும் அசைத்தார். அன்றைக்கும் அவர் பேசுகிறவர் அல்ல. மூன்றாவது நாற்காலியில் சிஹோ. நான் கிளம்பியபோது எட்டு வயது. இன்னும் எட்டுதான். நாள் முடியாத வீட்டில் வயது ஏறாது. ஆனால் பகலில் வங்கி வேலைக்குப் போய், ஊராருக்கு வீட்டுக் கடன் கொடுத்துவிட்டு வருகிறாள். கோட்டு சூட்டின் மேல் பள்ளிக்கூடப் பை மாட்டியிருந்தாள்.

"அண்ணே, சீக்கிரம் சொல்லித் தொலைங்க" என்றாள். "எனக்குக் கல்யாணம் இருக்கு."

ஜன்னல் வழியே பார்த்தேன். தோட்டத்தில் ஒருவன் குடையோடு நின்றான். பெயர் தொகாஷி. வயது வந்ததும் பெண் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் ஷூவில் பாசி பிடித்திருந்தது. கும்பிடு போட்டான்.

டப்பாவைத் திறந்தேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"ததாயி."

எதுவும் நடக்கவில்லை. கரண்டி இறங்கவில்லை. குவாபரா மிசோ விழுது நிறுக்கிற தராசைக் கொண்டுவந்து, சொல்லை அதில் வைத்துப் பார்த்தார். முள் வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. கடைசியில் ஒரு எழுத்து குறைகிறது என்று தலையசைப்பிலேயே தெரிவித்தார்.

புரிந்தது. தள்ளுபடி கொடுத்தவன் எடையில் எடுத்துக்கொண்டான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

குவாபரா பாத்திரம் துடைக்கிற துண்டை எங்கள் கைகள் மேல் போட்டார். எங்கள் பக்கம் மாட்டுச் சந்தையில் இப்படித்தான் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். இவர் எங்கே கற்றார் என்று கேட்கவில்லை. பேரத்தின் நடுவில் அதைக் கேட்கக் கூடாது. குறைந்த சொல்லுக்கு சிஹோவைப் பதினைந்து வயதாக்கலாம் என்று அழுத்தினார். நான் இருபத்தாறு கேட்டேன். அவர் பதினெட்டுக்கு வந்தார். இழுத்துப் பிடித்து இருபதில் நிறுத்தினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

"இருபது வயசுக்காரிய எவன் மேனேசரா வச்சிருப்பான்?" என்றாள் சிஹோ. அவள் உதடு துடித்தது. எட்டு வயதுக்காரி அழுவதற்கு முன்னால் துடிப்பது போலவே துடித்தது. "அவரு வயசு முப்பதுண்ணே. நின்னு நின்னு முப்பத்தொண்ணும் ஆகப்போகுது."

துண்டுக்குள் என் விரல் தளர்ந்தது.

கஸுயோ பேரத்தில் கலந்துகொள்ளவே இல்லை. கை வலித்திருக்கும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பசிக்குதா, இல்லியா?" என்றார்.

மண்டியில் எங்களுக்கு ஒரு பழக்கம். பெண்கள் வந்து கேட்டால் எதைச் சொன்னாலும் வாலில் ஒரு "மா" போடுவோம். சரிம்மா. இந்தாம்மா. கட்டாதும்மா. அதற்குக் காசு கிடையாது. கொசுறு. அந்த ஒரு வருடத்தில் கஸுயோவுக்கு நான் கொசுறு போட்டதே இல்லை. குவாபரா-சான், குவாபரா-சான் என்று குடும்பப் பெயரில் மரியாதையாக, எழுதிய விலைக்கே பேசியிருக்கிறேன். சொல் இன்னும் நாக்கில் வெதுவெதுப்பாக இருந்தது. அவர் பக்கம் திரும்பினேன்.

"ததாயி...ம்மா."

தராசு முள் சரியான இடத்தில் நின்றது.

"வந்தியா" என்றார் கஸுயோ.

கரண்டி இறங்கியது. சோறு என் கிண்ணத்தில் விழுந்தது. சிஹோ வளரத் தொடங்கினாள். பள்ளிக்கூடப் பையின் வார் பட்டென்று அறுந்தது. பதின்மூன்றைக் கடக்கும்போது எங்கள் எல்லோர் மேலும் கோபப்பட்டாள். பத்தொன்பதில் காரணமில்லாமல் சிரித்தாள். இருபத்தாறில் நின்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். தொகாஷி குடையை மடக்கிவிட்டு ஜன்னல் வழியே ஏறி வந்தான். இரண்டாவது கிண்ணம் சோறு நான் வாங்குவதற்குள் கல்யாணம் முடிந்தது. மீன் பிரமாதம். நான் இரண்டு கையாலும் சாப்பிட்டேன். யாரும் தப்பாக நினைக்கவில்லை.

ஊரில் வத்தல் வரத்து தொடங்கியிருந்தது. கிளம்ப வேண்டும். எல்லோரும் ரயிலேறி வாசல் வரை வந்தார்கள்.

"இந்தத் தடவ ஒழுங்கா சயோனாரா சொல்லிட்டுப் போங்கண்ணே" என்றாள் சிஹோ. "கணக்கு முடியட்டும்."

வாயைத் திறந்தேன். வரவில்லை. கணக்கை நேர் செய்த வாடிக்கை அடுத்த கடைக்குப் போய்விடும். எங்கள் ஊரில் ஒரு ரூபாயாவது பாக்கி வைத்துத்தான் அனுப்புவோம். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன், கஸுயோ மட்டும் ரயிலேறியிருக்கவில்லை. அரிசி களைந்துகொண்டிருந்தார். ஓர் ஆளுக்குக் கூடுதலாக.

சிஹோவுக்கும் கேட்டது. கடன் கொடுக்கிறவள். கணக்கில் கெட்டி.

"அப்ப நான் இருபத்தாறுலயே நிப்பேனோ?"

"நிப்பே."

வாசல் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தாள். தொகாஷியையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"மெதுவா வாங்கண்ணே" என்றாள்.

"இத்தெகிமஸ்" என்றேன்.

நிலையத்தில் இயந்திரம் எனக்காக விளக்கை மினுக்கியது. வாங்கவில்லை. அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். "போயிட்டு வர்றேன்" இரண்டு. "வந்துட்டேன்" ஒன்று. கொசுறைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாக்கி, ஒரு வருகை.