கறுப்புப் பட்டைக்குப் பின்னால் நான்

“லெட்டர் வந்திருக்குடி! சீல் எல்லாம் அடிச்சு, கம்பெனி பேரு கொட்டை எழுத்துல! உன் அக்காவுக்கு என்னமோ பெருசா குடுக்கப்போறாங்க போல,” என்று அம்மா மாடிப்படி ஏறிக்கொண்டே கத்தினாள்.

“எனக்கு ஒண்ணும் வரலையா?”

“உனக்கு எதுக்குடி வரப்போகுது?”

பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான்.

அக்கா என்று அம்மா சொன்னது பெரியப்பா மகளை. என்னைவிடப் பத்தொன்பது நாள் மூத்தவள். பத்தொன்பதே நாள்! அதற்காக ஆயுசு முழுக்க நான் அவளை அக்கா என்று கூப்பிட வேண்டும். கீழ் வீட்டில் அவர்கள், மேல் வீட்டில் நாங்கள். ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, கம்ப்யூட்டர் படிப்பில் கடைசி வருஷம். வகுப்பில் அவளுக்குப் பெயர் கொக்கி. எதைப் பார்த்தாலும் கேள்விக்குறி மாதிரி கழுத்தை வளைத்து “ஏன்?” என்பாளாம், அதனால் ஒரு வாத்தியார் வைத்தது. எனக்கும் ஒரு பெயர் உண்டு: கொக்கியோட தங்கச்சி. இதற்குப் பெயரே இல்லாமல் இருந்திருக்கலாம்.

கீழே ஓடினேன். பெரியம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி கொக்கியின் தோள்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னடி, பரிசா? வேலையா? வாயைத் திறந்து சொல்லேன்!”

“வக்கீல் நோட்டீஸும்மா,” என்றாள் கொக்கி.

பெரியம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கொக்கியின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நோட்டீஸ்கூட அவளுக்குத்தான் வருகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் தோன்றியது.

விஷயம் இதுதான். எங்கள் கல்லூரி வாசலில் ஒரு பார்சல் கம்பெனியின் கிளை இருக்கிறது. அவர்கள் செயலியில் ஒரு கணக்குத் தொடங்கிப் பார்சல் கொடுத்தால் போனுக்கு ரசீது வரும். ரசீதில் உங்கள் பெயர், முகவரி, போன் எண், அடையாள அட்டையின் படம் எல்லாம் இருக்கும். அந்த ரசீது லிங்கின் கடைசியில் ஓர் எண். அந்த எண்ணை மாற்றினால் வேறு யாருடைய ரசீதாவது திறந்துவிடுமோ என்று கொக்கிக்குச் சந்தேகம் வந்தது. வேறு யாராக இருந்தாலும் உடனே மாற்றிப் பார்த்திருப்பார்கள். அவள் செய்யவில்லை. அந்நியர் ரசீதைத் திறந்தால் அது திருட்டு, நம்முடைய இரண்டு கணக்குகளில் ஒன்றிலிருந்து மற்றதைத் திறந்து பார்த்தால் அது சோதனை. கம்ப்யூட்டர் பாதுகாப்பில் ஓட்டை தேடுகிறவர்களின் முதல் பாடமே அதுதான்.

“ரெண்டாவது கணக்குக்கு நீ வரியா சின்னவளே?” என்று கேட்டாள்.

போனேன். பார்சலில் என்ன வைப்பது என்று அவள் முழித்தபோது என் செருப்பைக் கழற்றிக் கொடுத்தவள் நான். இடது செருப்பு அவள் பெட்டியில், வலது செருப்பு என் பெட்டியில். அன்று வெறுங்காலோடு வீட்டுக்குப் போனவளும் நான்தான். மூன்றாம் நாள் பெரியம்மா கீழிருந்து, “ஒத்தச் செருப்பு வந்திருக்கு, உங்களுதா?” என்று கேட்க, அம்மா மேலிருந்து, “இங்கேயும் ஒண்ணு வந்திருக்கு! எவளோ செய்வினை வச்சிட்டா!” என்று அலறியது தனிக் கதை.

கொக்கி தன் கணக்கிலிருந்தபடி என் ரசீதின் எண்ணைத் தட்டினாள். திறந்துகொண்டது. தூக்கக் கலக்கத்தில் எடுத்த அடையாள அட்டைப் படத்தில் நான் பேய் மாதிரி அவளைப் பார்த்து முழித்தேன். இருவரும் குதித்தோம். அவள் நாலு பக்கத்துக்கு அறிக்கை எழுதிக் கம்பெனிக்கு அனுப்பினாள்.

அறிக்கையை நான் பிறகுதான் பார்த்தேன். அடியில் அவள் பெயர் மட்டும் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. ‘இன்னொரு கணக்கு’ என்று இரண்டே இரண்டு வார்த்தை. ரசீதின் படத்தில் என் பெயர், எண், முகம் எல்லாவற்றின் மேலும் கறுப்புப் பட்டை.

“இது என்ன?”

“அடுத்தவங்க தகவலை மறைச்சுத்தான் அனுப்பணும். பழக்கம்.”

“நான் அடுத்தவளா?”

“அய்யோ, உடனே மூஞ்சியைத் தூக்காதே.”

தூக்கினேன். மூன்று வாரம் தூக்கியபடியே இருந்தேன். அதற்குள் வந்துவிட்டது நோட்டீஸ். கம்பெனி அந்தக் கறுப்புப் பட்டையைத்தான் பிடித்துக்கொண்டது. ‘எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அந்தரங்கத் தகவலை அவர் அனுமதியின்றிப் பார்த்து, பிறகு மறைத்திருக்கிறீர்கள்.’ நகல் கல்லூரி முதல்வருக்கு. வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் ஒரு வருஷம் கல்லூரிக்கு வெளியே. படிப்பு முடிந்ததும் சேரச் சொல்லி அவள் கையில் ஏற்கெனவே ஒரு வேலைக் கடிதம் இருந்தது. அதுவும் போய்விடும்.

“நான் வந்து சொல்றேன்,” என்றேன். பாதி மனசோடுதான்.

“நீ வாயே திறக்காதே. ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் வந்தா வீட்ல ரெண்டு மாடியும் அழும். நான் பாத்துக்கறேன்.”

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. மேடை முழுக்க அவளுக்கே வேண்டும் என்று கேட்டது.

மறுநாள் எனக்கு ஒரு போன் வந்தது. தேன் ஒழுகும் குரல்.

“மேடம், பார்சல் கம்பெனியிலிருந்து பேசறோம். எங்க பதிவைப் பார்த்ததில, உங்க தகவலை யாரோ திருடிப் பார்த்திருக்காங்க மேடம். ரொம்ப வருத்தப்படறோம். ஒரு வருஷத்துக்கு உங்க பார்சல் எல்லாம் இலவசம் மேடம்.”

நாலு வரியில் மூன்று மேடம். அதற்கு முன் என்னை யாரும் ஒரு மேடம்கூடச் சொன்னதில்லை.

“ஒரு சின்னப் புகார் படிவம் அனுப்பறோம் மேடம். நிரப்பி அனுப்பினா நாங்க அந்தப் பொண்ணு மேல கடுமையா நடவடிக்கை எடுப்போம்.”

‘அந்தப் பொண்ணு என் அக்கா’ என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. நான் “சரிங்க” என்றேன்.

அன்று கல்லூரி நூலகத்தில் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தேன். பெயர் நிரப்பினேன். எண் நிரப்பினேன். ‘இதனால் உங்களுக்கு ஏற்பட்ட மன உளைச்சல்’ என்று ஒரு பெட்டி. அதில் பத்து வரி எழுதினேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு வரிகூடப் பொய் இல்லை. உளைச்சலுக்குக் காரணம் மட்டும் வேறே. ‘என் அனுமதியின்றி’ என்ற கட்டத்தில் டிக் அடிக்க விரல் போனது. அடித்தேன். பிறகு எடுத்தேன். படிவம் தானாகவே சேமித்துக்கொண்டது. அனுப்பும் பொத்தானை மட்டும் நான் தொடவில்லை. தொடாமல் இரண்டு நாள் அதைப் பையில் வைத்த பாம்பு மாதிரி போனில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை. முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே முதல்வர், எங்கள் துறைத் தலைவி, லேப்டாப்போடு கம்பெனியின் பாதுகாப்பு மேலாளர். எதிரே கொக்கி.

“அந்த ரசீது யாரோடதும்மா?” என்றார் முதல்வர்.

“சொல்ல முடியாது சார். அவங்க சம்மதத்தோடதான் பார்த்தேன்.”

“சம்மதமா?” மேலாளர் சிரித்தார். “பாதிக்கப்பட்டவங்க புகார் எழுதிக்கிட்டிருக்காங்க சார். பாதிப் படிவம் எங்ககிட்ட வந்தாச்சு.”

நான் அனுப்பாமலே, தானாகச் சேமித்த படிவம் அவர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது! எனக்குக் காது இரண்டும் சுட்டது. எழுந்து வீட்டுக்கு ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அப்போதுதான் அந்த ஆள் வாயை விட்டார்.

“ஒத்துக்கணும் சார், பொண்ணு பெரிய கெட்டிக்காரி. யார் உதவியும் இல்லாம, தனியாளா, ஒரே மூளையா இவ்வளவும் செஞ்சிருக்கா. அதான் ஆபத்து.”

தனியாளா! யார் உதவியும் இல்லாமலா!

பாசம் பொங்கியது, நியாயம் பேசியது என்றெல்லாம் எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் என் கால் கதவைத் தள்ளியது வெறும் பொறாமையில்.

“யார் சார் சொன்னது தனியாள்னு? வலது செருப்பு என்னோடது!”

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு என் காலைப் பார்த்தார்கள்.

“இதே செருப்புதான் சார். ரெண்டு பெட்டியில பிரிச்சு அனுப்பினோம். அந்த யோசனை என்னோடது. இந்தாங்க ரசீது. கறுப்புப் பட்டைக்குப் பின்னாடி இருக்கறது நான்தான். நானேதான் எண்ணைக் குடுத்துப் பாருன்னு சொன்னேன்.”

“போச்சு,” என்று கொக்கி தலையில் கை வைத்தாள். “உன்னை யாரு வரச் சொன்னது?”

“நீ சும்மா இரு அக்கா. நீ பேசினது போதும்.”

முதல்வர் என் போனை வாங்கி ரசீது எண்ணைச் சரிபார்த்தார். “அப்போ பாதிக்கப்பட்டது...”

“நான்தான் சார். எனக்கு ஒரு பாதிப்பும் இல்ல. படம்தான் கொஞ்சம் அசிங்கமா இருக்கும்.”

துறைத் தலைவி மேலாளர் பக்கம் திரும்பினார். “அந்த ஓட்டையை அடைச்சிட்டீங்களா?”

“அது... வேலை நடந்துக்கிட்டிருக்கு மேடம்.”

“நோட்டீஸ் மட்டும் ஓடி வந்திருச்சு. ஓட்டை இன்னும் திறந்தே கிடக்குதா?”

மேலாளர் லேப்டாப்பை மூடினார். புகாரைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். முதல்வர், “இந்தப் புள்ளைங்களுக்கு ஒரு நன்றியாவது சொல்லிட்டுப் போங்களேன்,” என்றார்.

“அதெல்லாம் எங்க கொள்கையில இல்ல சார்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் மனுஷன்.

வீட்டுக்கு நடக்கும்போது கொக்கி திடீரென்று சிரித்தாள். “பாதிக்கப்பட்டவங்க புகார் எழுதறாங்களாம்! என்னமா புளுகுறான் பாரு!”

“ஆமாக்கா,” என்று நானும் சிரித்தேன். கொஞ்சம் அதிகமாகவே.

வீட்டில் என்ன நடந்தது என்கிறீர்கள்? அம்மா கொக்கியைக் கட்டிக்கொண்டு, “வேலையே போனாலும் பரவாயில்லைன்னு தங்கச்சியைக் காட்டிக்குடுக்காம நின்னா பாரு, அதுதான்டி மனசு!” என்றாள். உள்ளே போய்க் காப்பாற்றியவள் நான். புகழ் அவளுக்கு!

பத்து நாள் கழித்துக் கம்பெனியின் செயலி புதுப்பிக்கப்பட்டது. ‘எங்கள் நிபுணர் குழு கண்டறிந்து சரிசெய்த சிறு குறை’ என்று ஒரு வரி. நிபுணர் குழுவாம்! என் இலவசப் பார்சலும் ஓசைப்படாமல் ரத்தாகிவிட்டது. கொக்கி அந்த வரியைப் படித்துத் தோளைக் குலுக்கினாள். “அடைச்சிட்டாங்கல்ல, அது போதும்.” எனக்கோ அன்று சாப்பாடு இறங்கவில்லை. அந்தத் தோள் குலுக்கல்மேல்கூட எனக்குப் பொறாமை.

இப்போது நான் உங்களிடம் கேட்க வந்ததைக் கேட்கிறேன். நேற்று அந்தப் பாதிப் படிவத்தை அழிக்கலாம் என்று திறந்தேன். லிங்கின் கடைசியில் ஓர் எண் இருந்தது. அதே மாதிரி எண்! ரசீதில் அடைத்தவர்கள் புகார்ப் படிவத்தில் அடைக்கவில்லை போலிருக்கிறது. மாற்றினால் யார் யாருடைய புகாரெல்லாம் திறக்குமோ! நான் தொடவில்லை. எனக்கும் முதல் பாடம் தெரியும். சோதிக்க இரண்டாவது கணக்கு வேண்டும், அதற்குக் கொக்கி வேண்டும். அவளைக் கூப்பிட்டால் உனக்கு எதுக்குடி புகார்ப் படிவம் வந்தது, அதில் பத்து வரி ஏன் எழுதினாய் என்று கழுத்தை வளைத்துக் கேட்பாள். கூப்பிடாவிட்டால் என் வாழ்க்கையில் நானே கண்டுபிடித்த முதல் ஓட்டை இப்படியே கிடக்கும், ஊரார் புகாரெல்லாம் வாசல் திறந்த வீடு மாதிரி கிடக்கும். மறுபடி நோட்டீஸ் வந்தாலும் வரட்டும், இந்தத் தடவை என் பெயருக்கு வரட்டும்! கீழே அவள் குரல் கேட்கிறது, நான் படியில் பாதியில் நிற்கிறேன். சொல்லிவிடவா? அப்படியே சொன்னாலும், அறிக்கையில் யார் பெயர் முதலில் வர வேண்டும், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?