டிசம்பர் வெயில்

"நான் போனாலும் உனக்குக் குழாயில சுடுதண்ணி வரும்ட்டி. தொறந்தா போதும்" என்று சொல்லித்தான் என் வீட்டுக்காரர் சுவிசேஷமுத்து மொட்டைமாடியில் அந்தச் சோலார் ஹீட்டரை வைத்தார். எனக்கு முடக்குவாதம். புனே குளிரில், காலையில் வெந்நீரில் ஊறவைக்காமல் இந்த விரல்களால் ஒரு பட்டன் போட வராது. அடுப்பிலிருந்து பானையை எங்கே இறக்குவது! பிள்ளைகள் இல்லை. அவருக்கோ நெஞ்சுக் கோளாறு.

ரயில்வேயில் ரிட்டையரான மனுஷன் சும்மா இருப்பாரா? எங்கள் கோர்படி ஏரியாவில் ஒருவரை விடாமல் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். பாஸ்டரும் தப்பவில்லை. "பாத்தியளா ஐயா, கரண்டு வேண்டாம், கேஸ் வேண்டாம்!" எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். ஆனால் விடிந்தால் கரண்ட் போய்விடுகிற அந்த வருடங்களில், எங்கள் குழாயில் மட்டும் ஆவி பறந்தது.

பிறகு தெற்குப் பக்கத்து பங்களாவை இடித்துப் பத்து மாடி எழுப்பினார்கள். பசுமைக் குடியிருப்பு என்று இங்கிலீஷில் பெரிய போர்டு வேறு! எங்கள் சோலாருக்கு வெயில் மறைந்துவிடுமோ என்று பயந்தேன். கட்டடம் முழுசாக எழும்பிய அந்த மே மாதம், இவர் தினமும் மாடியில் நின்று பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் எங்கள் பக்கமே வரவில்லை.

"பயப்படாதட்டி மில்ட்ரெட். கர்த்தர் கைவிட மாட்டார்" என்றார். நானும் நம்பினேன்.

டிசம்பரில் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும் என்பது மே மாதத்தில் அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை. பகல் முழுக்க எங்கள் மாடி நிழலில் கிடந்தது. அந்தக் கட்டடத்தின் உச்சியில் வரிசையாகச் சோலார், எங்களுடையதைவிடப் பெரிது! எனக்கு வயிறெரிந்தது.

இவர் அந்தக் கட்டடத்தாரின் ஆபீசுக்குப் போய்க் கேட்டார். "அங்கிள், ஹமாரா தோ கிரீன் பில்டிங் ஹை!" எங்களுடையது பசுமைக் கட்டடம் ஆயிற்றே என்று அங்கிருந்த பெண் இந்தியில் சொல்லிச் சிரித்துக்கொண்டே டீ கொடுத்தாளாம். எங்கள் மாடியில் எங்கே மாற்றி வைத்தாலும் நிழல்தான் என்று பிளம்பரும் கையை விரித்துவிட்டான்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் கிளம்பும்போது வழக்கம்போலக் கரண்ட் இல்லை. அடுப்படியிலிருந்து பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். நாலெட்டு வைப்பதற்குள் மூச்சிரைத்தது. பாதித் தண்ணீர் தரையில்.

"எதுக்கு இதத் தூக்குதிய? நெஞ்சப் பிடிச்சிக்கிட்டு விழவா?" என்று கத்தினேன்.

"சும்மா கெடட்டி. நான் இருக்கேன்லா."

என் விரல்களைப் பிடித்து வெந்நீருக்குள் விட்டார்.

ஏப்ரலில் போய்ச் சேர்ந்துவிட்டார். மே மாதம் அவர் சொன்னபடியே குழாயில் கொதிக்கக் கொதிக்க வந்தது. அந்த வெக்கையில் அது எனக்கு எதற்கு? பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

இப்போது மறுபடியும் டிசம்பர். விரல்கள் விறைத்துவிட்டன. பச்சைத் தண்ணீர் வருகிற அந்தக் குழாயைத் திறப்பதற்கே பக்கத்து வீட்டு மும்தாஜைக் கூப்பிட வேண்டியிருக்கிறது.